மகன் கேட்ட சம்மதம்

உள்ளறைக் கதவை யாரோ விரல் கணுவால் தட்டினார்கள். நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன்.

உள்ளறை என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். அது எங்கள் சமையல்கட்டு. அன்றைக்காக அடுப்பைத் துடைத்து, அரிசிப் பானையை மூலைக்குத் தள்ளி, ஒரு பாயை விரித்திருந்தோம். பக்கத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. மீன் விற்கிறவள். அன்று வியாபாரத்துக்குப் போகாமல், சோப்பு போட்டுக் குளித்து, பட்டுப் புடவை கட்டி வந்திருந்தாள். அப்படியும் அவளிடம் லேசாகக் கருவாட்டு வாசனை இருந்தது. அந்த வாசனைதான் அன்றைக்கு எனக்குத் தைரியம்.

கதவு திறந்தது. முதலில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் வந்தார். பின்னால் மளிகைக்கடை அமீது பாய். இரண்டு பேரும் சாட்சிகள். இருவருக்கும் நடுவில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, என் மகன் ரியாஸ்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய சல்லடையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் கேட்டான்.

"செங்கல்பட்டு அப்துல் கரீம் மகன் யூசுபுக்கு, கால் பவுன் மோதிரம் மஹருக்கு, உங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்க, என்னை வக்கீலா ஒத்துக்கிறீங்களா? உங்களுக்குச் சம்மதமா?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்ட பிள்ளை. அன்றுதான் முதல்முறையாக 'நீங்கள்' ஆனேன்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மெஷின் பாய்

சுனாமிக்குச் சில வருடங்கள் முந்தைய கதை இது. அப்போது நாங்கள் புதுப்பட்டினத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் இருந்தோம். ரியாஸின் அத்தா, என் வீட்டுக்காரர் சுல்தான், பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மஞ்சள் காமாலை வந்து, நாட்டு மருந்து, பத்தியம் என்று இருந்து, கண் முழுக்க மஞ்சளாகி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். ரியாஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயது முப்பதைத் தொட்டிருந்தது.

அதன்பிறகு எங்களுக்குச் சோறு போட்டது தையல் மெஷின். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள். ஒவ்வொரு ஊர்ப் பெண்ணுக்கும் ஜாக்கெட்டில் ஒரு நியாயம். கோயம்புத்தூர் அம்மாவுக்குக் கை நீளமாக வேண்டும். நாகர்கோவில் அம்மாவுக்குக் கழுத்து இறங்கவே கூடாது. எல்லாருக்கும் நான் 'டெய்லர் அக்கா'.

மெஷின் மக்கர் செய்தால் செங்கல்பட்டிலிருந்து யூசுப் பாய் வருவார். தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் எண்ணெய்க் குப்பி, ஸ்குரூ டிரைவர், பழைய பனியன் துணி. திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், புதுப்பட்டினம் என்று பஸ்ஸில் சுற்றி வீடு வீடாக மெஷின் பார்க்கிறவர். சின்ன வயதில் ரைஸ்மில்லில் வேலை செய்து இடது காது போய்விட்டது. வலது காதும் பாதிதான். மனைவி இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை.

காது கேட்காதவர்கள் இரண்டு வகை. சிலர் பேச்சையே குறைத்துக்கொள்வார்கள். சிலர் எதிராளிக்கும் காது கேட்காது என்று நினைத்துக் கத்துவார்கள். இவர் இரண்டாவது வகை. "நூல் கட் ஆவுதா?" என்று அவர் கேட்டால் தெருக்கோடியில் இருப்பவள், "இல்ல பாய்" என்று பதில் சொல்லலாம்.

எங்களுக்குள் என்ன இருந்தது என்று பிறகு ஊரே கேட்டது. ஒன்றும் இல்லை. மல்லிகாவோ துணி கொடுக்க வந்தவர்களோ இல்லாத நேரத்தில் அவர் வாசல்படி ஏறியதில்லை. நாங்கள் பேசியது பாபினைப் பற்றி, பெல்ட்டைப் பற்றி. ஒருதரம் மட்டும், நான் கேட்காமலேயே, மிதிகட்டையைக் கழற்றி ஏதோ செய்து மாட்டினார். "கால் வலிக்காது இனிமே" என்றார். எனக்குக் கால் வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முன்னறையில் டவுன்ஷிப் அம்மாக்கள் இரண்டு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். வாசலில் மல்லிகா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யூசுப் பாய் மெஷினுக்கு அடியில் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, தாழ்ந்த குரலில் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சொன்னார்:

"மைமூனா, நீங்க மறுபடி நிக்காஹ் பண்ணிக்கிற எண்ணம் இருந்தா, என்னைய நெனச்சுப் பாருங்க. எனக்கும் யாரும் இல்ல."

தெரு முழுக்கக் கேட்டது.

ஒரு அம்மா சுவரில் இருந்த கழுத்து டிசைன் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர், "நாளைக்கு வரேன்க்கா" என்று செருப்பை மாட்டினார். மல்லிகா வாசலிலிருந்து, "இன்னா அண்ணாத்த, மைக்கு வெச்சிகினு கேக்குற மாரி கேக்குற?" என்றாள்.

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நின்றேன். உள்ளங்காலிலிருந்து சூடு ஏறிக் காது மடலில் வந்து நின்றது. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். அதை நான் இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் தெரு கேட்டது.

அடுத்த மாதம் வந்தார். படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். அதையும் அதே குரலில்தான்.

அதற்குப் பிறகு வரவில்லை. மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் ரெக்சின் பையோடு யாராவது தெருவில் வந்தால் நான் நிமிர்ந்து பார்க்கிறேன் என்பதை மல்லிகா கண்டுபிடித்துவிட்டாள்.

"எங்க ஆளுங்கள்ள புருசன் செத்தா, புடிச்சவன் வந்தா கட்டிக்கினு போய்கினே இருப்போம். ஒங்க சாமி வேணான்னு சொல்லிகீதா?" என்றாள்.

"சொல்லல. செய்யுங்கன்னுதான் சொல்லியிருக்கு."

"அப்பறம் இன்னாக்கா ஒனக்கு நோவு?"

எனக்கு நோவு என்னவென்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. அல்லா அனுமதித்தது, ரசூல் நபியே செய்து காட்டியது, எல்லாம் தெரியும். ஆனால் இருபது வயது தாண்டிய மகன் இருக்கிறவள் இன்னொரு ஆணின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துச் சொல்வதை நினைத்தாலே என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தவ்பா இருக்கிறது. வெட்கத்துக்கு என்ன இருக்கிறது?

ஒருநாள் "சரின்னு சொல்லிடு" என்றேன். மல்லிகா கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவருடைய வலது காதில் சொல்லிவிட்டு வந்தாள்.

மய்யித்தின் தலைமாட்டில்

நிக்காஹுக்கு என்னென்ன வேண்டும் என்று பேச, பள்ளிவாசலில் தொழவைக்கப் புதிதாக வந்திருந்த ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்தோம். வாணியம்பாடிப் பக்கத்துப் பையன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வெட்கத்தில் எனக்குக் குறைந்தவர் இல்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ரெண்டு பேர் சம்மதம். ரெண்டு சாட்சி. ஒரு பக்கம் கொடுத்தேன்னு சொல்லணும், இன்னொரு பக்கம் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும், அதே சபையில. அப்பறம் மஹர். அவ்வளவுதாம்மா. மண்டபம், பிரியாணி, வீடியோ எதுவும் கட்டாயம் இல்ல."

மஹர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது.

சுல்தானின் மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முன்னறையில் வைத்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன்னால் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்துத் தலைமாட்டில் உட்கார வைத்தாள். "மஹரை மாப்பு பண்ணிட்டேன்னு சொல்லு. கடனோட போவக் கூடாது" என்றாள்.

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். எங்கள் கல்யாணத்தில் ஏதோ ஒரு தொகை பேசினார்கள். அதைச் சுல்தான் கொடுத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அப்படி ஒன்று எனக்கு வர வேண்டியிருந்தது என்பதே அந்தத் தலைமாட்டில்தான் எனக்கு உறைத்தது. தெரிந்த அதே நிமிடத்தில் அதை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. சுற்றிலும் பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். அவர் கேட்டிருந்தால் உயிரோடு இருக்கும்போதே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்திருப்பேன். பிணத்தின் முன்னால் பேரம் முடிக்கிறவளைப் போல அன்று உட்கார்ந்திருந்தது இன்னும் உடம்பைக் கூச வைக்கிறது.

"மஹர் என்ன கேக்குறீங்கம்மா?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"ஒரு ரூவா போட்டுக்கங்க."

ஹஜ்ரத் முதல்முறையாக நிமிர்ந்தார். "நம்ம மத்ஹபு சட்டத்துல பத்து திர்ஹம் வெள்ளிக்குக் கீழ போகக் கூடாது. நீங்களே பிரியப்பட்டாலும் கூடாது."

வாசலில் நின்றிருந்த யூசுப் பாய்க்கு என்ன பேச்சு என்று புரியவில்லை. மல்லிகா அவர் காதில் சொன்னாள். "கால் பவுன் மோதிரம்!" என்று அங்கிருந்து கத்தினார். "கையில குடுத்துடுறேன்! கடன் கெடையாது!"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்து போகும்போது ஹஜ்ரத் தயங்கினார். "இன்னொண்ணும்மா. கன்னிப் பொண்ணுகிட்ட கேட்டா, அவ பேசாம இருந்தாலே சம்மதம். வெட்கப்படுவான்னு அவளுக்குச் சலுகை. ஆனா ஒருதரம் நிக்காஹ் ஆனவங்களுக்கு அது கிடையாது. நீங்க வாயால சொல்லணும். வக்கீலும் சாட்சியும் கேக்குற மாதிரி சொல்லணும்."

என் முதல் கல்யாணத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. செங்கல்பட்டில் பெரியப்பா வீட்டு மாடியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே அழுதுகொண்டிருந்தேன். வக்கீல் வந்து கேட்டார். "பொண்ணு அழுவுது, சம்மதந்தான்" என்று யாரோ பதில் சொன்னார்கள். கீழே போய் முடித்துவிட்டார்கள். அழுகை சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தக் கல்யாணம் எனக்கு நல்லபடியாகவே அமைந்தது. சுல்தான் நல்ல மனிதர். ஆனால் என்னை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது வயது நாற்பது. வெட்கம் கூடியிருக்கிறது, சலுகை போய்விட்டது.

அண்ணன் வரவில்லை

பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, அவளுக்காகச் சபையில் பேசுகிறவரைத்தான் நாங்கள் வக்கீல் என்போம். கோர்ட்டு வக்கீல் இல்லை. என் அத்தா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் ஜாபர் செங்கல்பட்டில் செருப்புக்கடை வைத்திருந்தார். அவர்தான் வக்கீலாக நிற்பதாக இருந்தது. முதலில் ஒத்துக்கொள்ளவும் செய்தார். பிறகு கடைக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்களோ, அண்ணி என்ன சொன்னாளோ, நாள் நெருங்கும்போது வந்து நின்றார்.

"எனக்கு வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கு. நாளைக்கு அதுங்களுக்கு மாப்ள பாக்கப் போனா, 'அத்தை மெஷின் ரிப்பேர்காரன இழுத்துகினா'ன்னு பேசுவாங்க. ஒனக்கு இந்த வயசுல இன்னா கேடு?"

"நிக்காஹ்தான பண்றேன் அண்ணே. வேற என்ன பண்ணிட்டேன்?"

"பண்ணிக்கோ. நான் வரல."

அவர் அதோடு விடவில்லை. ரியாஸ் அப்போது பாலிடெக்னிக் முடித்து, மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தான். நண்பர்களோடு செங்கல்பட்டில் ரூம் எடுத்திருந்தான். அண்ணன் அந்த ரூமுக்கே போய், நண்பர்கள் இருக்கும்போதே, "ஒங்கம்மா கல்யாணத்த நிறுத்து" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ரியாஸுக்கு விஷயம் முன்பே தெரியும். நான் சொன்னபோது அவன் எதிர்க்கவில்லை. "ஒன் இஷ்டம்" என்றான். ஆனால் அதற்குப் பிறகு வாராவாரம் வருவதை நிறுத்திவிட்டான். அவனுடைய ரூம் நண்பர்களுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதையும் என் அண்ணன் உடைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே வந்தான். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. பையைத் தூக்கி மூலையில் போட்டான்.

"ஃபிரண்ட்ஸ்லாம் கேக்குறானுங்க. 'மச்சான், ஒனக்கு எப்ப பத்திரிகை, ஒங்கம்மாவுக்கு எப்ப பத்திரிகை'ன்னு."

நான் தைத்துக்கொண்டிருந்த துணியையே பார்த்தேன். "வேணாம்னு சொல்லு. நிறுத்திடறேன்."

"நான் அப்டி சொன்னனா?"

"பின்ன என்னதான் சொல்ற?"

அவன் பானைப் பக்கம் போனான். தண்ணீர் மொண்டு குடித்தான். இன்னொரு சொம்பும் குடித்தான். பிறகு கேட்டான்.

"மாமா வரலன்னா யாரு வக்கீலு?"

"ஜமாஅத்துல யாராவது நிப்பாங்க. ஹஜ்ரத் பாத்துக்குறேன்னு சொல்லியிருக்கார்." மகன் இருக்கும்போது அண்ணனுக்கு அடுத்த இடம்தான், மகனுக்குத்தான் முதல் உரிமை என்றும் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற முகம் என்னிடம் இல்லை.

"யாராவதுன்னா? தெருவுல போறவன் வந்து ஒன்னைய சம்மதமான்னு கேப்பான். நான் வெளிய நின்னு சோறு போட்டுனு இருக்கணுமா? நாளைக்கு 'அவங்கம்மாவுக்கு ஆள் இல்ல, ஜமாஅத்துதான் கட்டிக் குடுத்துது'ன்னு பேசுவானுங்க."

"என்ன பண்ணச் சொல்ற?"

"நானே கேட்டுக்குறேன்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

இதைக் கேட்கிறவர்கள், எவ்வளவு நல்ல பிள்ளை என்பார்கள். அன்று அவன் என்மேல் இருந்த பிரியத்தில் அதைச் சொல்லவில்லை. இரண்டு அவமானங்களில் எது சின்னது என்று பார்த்து எடுத்துக்கொண்டான். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

கேட்கணும்

அப்படித்தான் அவன் சமையல்கட்டில் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமீது பாய் மெல்லச் சொன்னார். "சொல்லும்மா. தலையாட்டுனா பத்தாது."

ரியாஸ் தொப்பியைச் சரிசெய்தான். நெற்றியில் வியர்வை ஓடியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவனுக்கு இப்படித்தான் மேல் உதடு நனையும். அதைத் துடைத்துவிட என் கை எழுந்தது. அடக்கிக்கொண்டேன். பிள்ளையை ஒரு நிமிடம்கூட அங்கே நிற்க வைக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த அவசரம்தான் என்னைப் பேச வைத்தது.

"சம்மதம். உன்னை வக்கீலா ஒத்துக்கிறேன்."

அவன் சல்லடையிடம் தலையாட்டினான். மூவரும் போனார்கள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

முன்னறையில் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் தெருக் கதவு திறந்திருந்தது. வெளியே மீனவத் தெருப் பெண்கள், பிள்ளைகள், எதிர் டீக்கடைக்காரர்கள் என்று கூட்டம். ஹஜ்ரத் அரபியில் குத்பா ஓதி முடித்தார். ரியாஸிடம், "சொல்லுங்க தம்பி" என்றார்.

ரியாஸ் சொன்னான். உதடு அசைந்திருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா?" என்றார் யூசுப் பாய்.

வெளியே யாரோ சிரித்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா தம்பி," ஹஜ்ரத்தின் குரல் கெஞ்சியது. "மாப்பிள்ளைக்குக் கேக்கணும். சாட்சிங்களுக்கும் கேக்கணும். கேக்கலன்னா நிக்காஹ் ஆவாது."

இரண்டாவது முறை எனக்குக் கேட்டது. யூசுப் பாய்க்குக் கேட்கவில்லை. அவர் வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சாய்ந்ததாக மல்லிகா பிறகு சொன்னாள். "மன்னிச்சுக்கோப்பா, கேக்கல" என்றார். வெளியே இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்படியும் கேட்டது.

"எங்கம்மா மைமூனாவ! கால் பவுன் மோதிரம் மஹருக்கு! ஒங்களுக்கு! நிக்காஹ் செஞ்சு குடுத்தேன்!"

ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து வீசினான். 'என் தாயார்' என்று ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தது மறந்து, வீட்டில் சொல்வது போலவே 'எங்கம்மா' என்று கத்தினான். டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது.

"ஏத்துக்கிட்டேன்! கபூல்!" என்றார் யூசுப் பாய். அவருடைய வழக்கமான குரல்தான். பஜார் வரைக்கும் போயிருக்கும்.

யாருக்கும் தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்றுதான் நான் மண்டபம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம் என்றிருந்தேன். ஊரைக் கூட்டி மேளம் அடித்திருந்தால்கூட இத்தனை பேருக்குத் தெரிந்திருக்காது. பாயில் குப்புறக் கவிழ்ந்துவிட்டேன். "எழுந்திரு, பொண்ணு இப்டியா குந்தும்?" என்று மல்லிகா என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண் சிவந்திருந்தது.

பேரீச்சம்பழமும் கற்கண்டும் கொடுத்தார்கள். ஹஜ்ரத் துஆ ஓதினார். யூசுப் பாய் சொன்னபடியே மோதிரத்தை அங்கேயே எடுத்து ரியாஸிடம் கொடுத்தார். ரியாஸ் அதைச் சமையல்கட்டு வாசலில் நின்று மல்லிகாவிடம் கொடுத்தான். மல்லிகா என் விரலில் போட்டாள். வந்தவர்களுக்கு நெய்ச்சோறு பரிமாறியது ரியாஸ்தான். கடைசி ஆள் கை கழுவும்வரை அவன் உட்காரவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரம்

எல்லாரும் போய், பாத்திரம் கழுவி, விளக்கு போட்டாயிற்று. வீட்டில் முன்னறை ஒன்று, சமையல்கட்டு ஒன்று. மூன்று பேர். இதைப் பற்றி நான் அதுவரை யோசிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். யோசித்தேன். யோசிக்கும்போதெல்லாம் வேறு வேலைக்கு ஓடினேன்.

யூசுப் பாய் என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயே தேவைப்படாத மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். புது வேட்டியில் எண்ணெய் சொட்டியது. நான் அடுப்பை மறுபடி துடைத்தேன்.

ரியாஸ் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த தன் பாயை எடுத்தான். தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மல்லிகா அக்கா வூட்டு மொட்டமாடில காத்து வரும்" என்றான்.

அந்தப் பிள்ளை பாயும் தலையணையுமாகப் படியிறங்கிய காட்சியை இன்றும் நேராகப் பார்க்க முடியவில்லை. அவனை ஒன்பது மாதம் சுமந்தேன், பெற்றேன், குளிப்பாட்டினேன். அவனுக்குத் தெரியாத என் வாழ்க்கை எதுவும் கிடையாது. அன்றைக்கு முதன்முதலாக, எனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொள்ள அவன் வெளியே போக வேண்டியிருந்தது. அதை அவனே புரிந்துகொண்டு போனதுதான் என்னைக் கூசிச் சாக வைத்தது.

யூசுப் பாய் நிமிர்ந்து, "புள்ள எங்க போறான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே புரிந்தது. எண்ணெய்க் குப்பியை மூடினார். ஆச்சரியமாக, மிக மெல்லிய குரலில் சொன்னார். "நல்ல புள்ள."

மறுநாள் காலையில் முதல் ஆளாக டவுன்ஷிப் அம்மா ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தார். புதிதாகக் குடிவந்தவர், திருநெல்வேலிப் பக்கம். தைத்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். அவர் ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை. என் விரல் நுனியைப் பார்த்தார்.

மருதாணி வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். மல்லிகா விடவில்லை. உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும் வைத்துவிட்டிருந்தாள். அது கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க ஊறி, ரத்தச் சிவப்பாகப் பற்றியிருந்தது.

"மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கே டெய்லரக்கா. வீட்ல எதுவும் விசேஷமா?"

நான் கையைச் சட்டென்று மெஷின்மேல் கிடந்த துணிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"சொந்தத்துல ஒரு கல்யாணம்மா. அதுக்குப் போயிருந்தோம்."

சொல்லி முடிக்கும்போதுதான் பார்த்தேன். ரியாஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சுருட்டிய பாய் கக்கத்தில். தலை கலைந்திருந்தது. பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். மூலையில் கிடந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"சொந்தத்துல இல்லக்கா" என்றான் அந்த அம்மாவிடம். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. "எங்கம்மாவுக்குத்தான் கல்யாணம். நேத்து."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. ஜாக்கெட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"அம்மா, பஸ்ஸு போயிடும். சில்லற இருந்தா குடு" என்று ரியாஸ் கையை நீட்டினான்.

சில்லறை மெஷின் டிராயரில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க, துணிக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுக்க வேண்டும்.

எடுத்தேன்.